பட்டன் இருக்கு, உசுரு இருக்கா? பழைய காருக்கு டயர் வாங்கவும் சக்கரத்தைப் பேணவும் ஒரு முழுமையான வழிகாட்டி

2021 மே மாதம், நல்ல உச்சி வெயில். மதுரையிலிருந்து காரைக்குடிக்கு அப்பாவின் மாருதி 800-இல் போய்க்கொண்டிருந்தேன். 2003 மாடல். மேலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்பக்கம் யாரோ செருப்பால் அடிப்பதுபோல் 'தப்தப்' என்று சத்தம். ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் இடது பின் டயர் வெடித்துவிட்டது. பட்டன் பட்டை, அதாவது தரையில் உருளும் பள்ளம் வெட்டிய மேல்ரப்பர், பாதி சுற்றளவுக்குப் பிய்ந்து மட்கார்டுக்குள் சுருண்டு கிடந்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்றே இல்லை. வழியில் போன ஒருவர் தன் மொபெட்டில் என்னையும் ஸ்டெப்னியையும் ஏற்றிப் பஞ்சர் கடையில் இறக்கிவிட்டார்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அவரே காற்றடித்துக்கொண்டு வந்து ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார். எனக்கு ஆறவில்லை. "அண்ணே, டயர்ல பட்டன் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன். வெடித்த டயரைத் திருப்பிப் போட்டு, விரல் நகத்தால் மண்ணைச் சுரண்டி ஒரு சின்ன நீள்வட்டத்தைக் காட்டினார். 1411 என்று இருந்தது. "பதினொன்னாம் வருசத்து டயர் தம்பி. பட்டன் இருக்கு, உசுரு இல்ல. இந்த ஸ்டெப்னியும் அப்படித்தான். நாப்பதுக்கு மேல போகாத."

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒரு வரியில் அடக்கம். தினமும் ஓடும் காரில் டயர் தேய்ந்து சாகும். வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் பழைய காரில் அது வயதாகிச் சாகும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும், வயது தெரியாது. அதனால் எதையும் வாங்கக் கிளம்பும் முன் காரில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் ஐந்து டயரின் பிறந்த தேதி

நான்கல்ல, ஐந்து. டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசியில் நான்கு எண்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. கடைசியில் மூன்றே எண்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முன் செய்தது. அந்த டயரை வைத்துத் தோட்டத்தில் ஊஞ்சல் கட்டலாம், காரில் மாட்டக் கூடாது.

பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும், அது பெரும்பாலும் காருக்கு உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவைத்துவிட்டுச் செல்போன் டார்ச்சோடு குனிந்தால் முன் டயர்களில் படித்துவிடலாம். பின் டயர்களுக்குக் காரின் அடியில் தலையை நீட்ட வேண்டியிருக்கும். தரை சமமாக இருக்கட்டும், கார் கியரில் நிற்கட்டும். ஜாக்கியில் ஏற்றி வைத்த காருக்கு அடியில் மட்டும் போகவே வேண்டாம்.

எத்தனை வருடம் ஓட்டலாம்? மிஷலின் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது, எப்படி இருந்தாலும் பத்து வருடத்தில் மாற்றிவிடச் சொல்கிறது. ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. நம் ஊர் வெயிலில், பெரும்பாலும் திறந்த வெளியில் நிற்கும் காருக்கு என் கணக்கு ஆறுதான். ஏழாம் வருடம் ஓட்டினால் ஊருக்குள் மட்டும். நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன்.

கண்ணால் பார்ப்பது, கையால் தடவுவது

தேதி சரியாக இருந்தாலும் டயர் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கச்சுவரையும் பட்டன் பள்ளங்களின் அடியையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை போல மேலோட்டமான வெடிப்புகள் ரப்பர் உலரத் தொடங்கியதன் அடையாளம். நகம் உள்ளே போகும் அளவுக்கு வெடித்திருந்தால் காலம் முடிந்தது. பக்கச்சுவரில் எலுமிச்சைப் பழம்போல் எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. பள்ளத்தில் 'டம்'மென்று இறங்கிய ஞாபகம் வருகிறதா? அதுதான். அதற்கு வைத்தியம் கிடையாது, அன்றே கழற்ற வேண்டியதுதான்.

பட்டன் ஆழத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்த அளவு 1.6 மில்லிமீட்டர். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது. ஆனால் மழையில் தண்ணீரை வெளியே தள்ளும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டயரோடு ஐப்பசி மழைக்குள் போக நான் தயாரில்லை. ஆழம் பார்க்கும் சின்னக் கருவி மலிவு விலைக்கே கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேய்ந்திருக்கும் விதம். இதைப் படிக்கத் தெரிந்தால் காரின் பாதிக் கதை தெரிந்துவிடும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறியிருக்கிறது, அல்லது அதற்குப் பின்னால் தேய்ந்துபோன வேறு ஏதோ. அங்கங்கே கிண்ணம்போல் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பதை) பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் ஒன்று உண்டு. உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப்பல் போலச் சுரசுரப்பாகவும் இருந்தால் முன்சக்கரங்கள் நேராக உருளாமல் சற்றே கோணலாக உரசிக்கொண்டு போகின்றன என்று பொருள். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு, தவறியிருக்கிறது. கண் கண்டுபிடிக்க ஆறு மாதம் எடுத்துக்கொள்வதைக் கை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

என்ன அளவு வாங்குவது

கடைசியாக வந்த 800-களில் டயரில் 145/70 ஆர்12 69எஸ் என்று இருக்கும். 145 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்று. ஆர் என்றால் ரேடியல். 12 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 69 சுமைக் குறியீடு, ஒரு டயர் 325 கிலோ தாங்கும். எஸ் வேகக் குறியீடு, மணிக்கு 180 கிலோமீட்டர். 800 அந்த வேகத்துக்கு மலையிலிருந்து உருட்டிவிட்டால்தான் போகும் என்றாலும், சுமைக் குறியீட்டிலோ வேகக் குறியீட்டிலோ காரோடு வந்ததைவிடக் கீழே இறங்காதீர்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடையில் 145/70 இல்லை என்றால், "ஆல்டோ டயர் இருக்கு சார், அதே 12 இஞ்ச்தான், கார் கொஞ்சம் உசரமா நிக்கும், ஸ்பீடு பிரேக்கர்ல இடிக்காது" என்பார்கள். ஆல்டோ டயர் 145/80 ஆர்12. ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 145-இல் 70 விழுக்காடு 101.5. மேலும் கீழும் சேர்த்து 203 மில்லிமீட்டர். 12 அங்குல ரிம் 304.8. ஆக மொத்த விட்டம் சுமார் 508. இதே கணக்கில் 145/80 டயர் சுமார் 537 வரும். கிட்டத்தட்ட 6 விழுக்காடு வித்தியாசம். மீட்டர் 60 காட்டும்போது கார் 63-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். சின்ன எஞ்சினுக்குக் கியர் விகிதம் கனத்துப்போய், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். நான்கு பேர் ஏறி ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் உள்ளே உரசவும் கூடும். 3 விழுக்காட்டுக்கு மேல் விட்டம் மாறக் கூடாது என்பது டயர்க்காரர்கள் பொதுவாகப் பிடிக்கும் எல்லை. டாடா நானோவின் பின் சக்கரத்துக்கு வந்த 155/65 ஆர்12 விட்டக் கணக்கில் 800-க்கு மிக அருகே வரும், சுமார் 506. ஆனால் அகலம் கூடுவதால் உங்கள் ரிம்மின் அகலத்துக்கு அது பொருந்துமா, உள்ளே இடமிருக்கிறதா என்று பார்த்த பிறகே யோசிக்க வேண்டும். கிடைக்கும்வரை சொந்த அளவுதான் நல்லது.

அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. 5.90-15, 5.20-14 என்ற பழைய அளவுகளில் இரண்டு எண்ணுமே அங்குலம். நடுவில் ஆர் இல்லை, கோடுதான், ஏனென்றால் அவை ரேடியல் அல்ல, நூல் குறுக்கும் மறுக்குமாகப் போகும் பழைய வகை. உள்ளே டியூப் வேண்டும். ரேடியலுக்கு மாறுவதென்றால் நான்கையும் சேர்த்து மாறுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் பழைய வகையும் மறுபக்கம் ரேடியலுமாக மாட்டினால் பிரேக் பிடிக்கும்போது கார் தன் இஷ்டத்துக்குப் போகும். கொஞ்ச நாளைக்குக் கலந்து ஓட்டியே ஆக வேண்டுமென்றால் ரேடியல் இரண்டும் பின்னால்தான் போக வேண்டும்.

இந்தப் பழைய ரிம்களில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் போடலாமா? டியூப்லெஸ்ஸுக்காகச் செய்த ரிம்மின் உள்விளிம்பில், டயர் உட்காரும் இடத்தை ஒட்டி, ஒரு மெல்லிய மேடு சுற்றி ஓடும். காற்று குறைந்தாலும் டயர் உள்ளே சரியாமல் பிடிப்பது அதுதான். அந்த மேடு இல்லாத ரிம்முக்கு டியூப் போட்டே ஆக வேண்டும். மேடு இருக்கும் ரிம்மில் 'காத்து நிக்கல' என்பதற்காக டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடுவது வேறு விஷயம், அது சோம்பேறி வைத்தியம். டயரின் உள்சுவர் டியூபைத் தேய்த்துச் சூடேற்றும். ஆணி குத்தினால் மெல்ல இறங்க வேண்டிய காற்று ஒரேயடியாகப் போய்விடும். காற்று நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் துரு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்த மாதிரி டயர்

கடைக்காரர் முதலில் நீட்டுவது 'நிறைய கிலோமீட்டர் வரும்' டயர். டாக்ஸிக்கு அது சரி. என் கார் வருடத்துக்கு 2,500 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆறு வருடத்துக்கு 15,000. எண்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் கெட்டி ரப்பரை வாங்கி நான் என்ன செய்ய? தேய்வதற்கு முன்பே தேதி முடிந்துவிடும். குறைவாக ஓடும் பழைய காருக்கு ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், சற்று மென்மையான டயர்தான் பொருத்தம். ஏ.பி.எஸ். (பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இல்லாத கார் என்பதை நினைவில் வையுங்கள். பிரேக்கை மிதித்த பிறகு உங்களுக்கும் முன்னால் நிற்கும் லாரிக்கும் நடுவே இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

12 அங்குல டயர்களில் தேர்வு குறைவு, விற்பனையும் மந்தம். அதனால் கடை அலமாரியிலேயே இரண்டு மூன்று வருடம் தூங்கிய டயர் உங்கள் தலையில் கட்டப்படலாம். எனக்கே நடந்தது. 'நேத்துதான் சார் வந்துச்சு' என்று உருட்டிக்கொண்டு வந்த டயரில் தேதி மூன்று வருடப் பழசு. கடைக்கு வந்தது நேற்றாகவே இருந்திருக்கலாம்! பணம் கொடுக்கும் முன், ரிம்மில் ஏற்றும் முன், தேதியைப் பார்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் மகிழ்ச்சி, ஒரு வருடம்வரை பரவாயில்லை. நான்கிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பில்லில் தேதி எண்ணையும் எழுதி வாங்கினால் பின்னால் வாரண்டி பேச உதவும்.

செகண்ட் ஹேண்ட் டயர், ரீபட்டன் டயர் இரண்டும் வேண்டாம். லாரிக்கு ரீபட்டன் ஒரு நல்ல தொழில்நுட்பம், அதற்கென்றே செய்த உடல் அந்த டயருக்கு உண்டு. பழைய கார் டயருக்குப் பிரச்சினையே உடல்தான். அதன்மேல் புதுத்தோல் ஒட்டி என்ன பயன்?

இரண்டு டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறதா? புதுசு இரண்டும் பின்னால். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்தானே வேகமாகத் தேய்கிறது, அதற்கல்லவா புதுசு என்று கடையிலேயே வாதிடுவார்கள். ஈரச்சாலையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், பயத்தில் காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும், அதைச் சமாளிக்கும் கை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

கடையில் நிற்கும்போது

டயர் மாற்றும் நாளில் டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பழைய டயரைக் கழற்றியதும் ரிம் அம்மணமாக இருக்கும் அரை மணி நேரம்தான் அதைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. டயர் விளிம்பு உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். இருபது வருட இரும்பு ரிம்மில் துரு செதில் செதிலாக எழும்பியிருக்கும். புது டயரின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே அந்தச் செதில் ஒன்று மாட்டினால் போதும், வாரத்துக்கு மூன்று நான்கு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். என் காரில் இரண்டு மாதம் பஞ்சர் தேடி அலைந்தோம். கடைசியில் ரிம் ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் ஊற்றியபோது கடுகளவு நுரை, வால்வுக்கு நேர் எதிரே, பொரிபொரியாய் வந்துகொண்டிருந்தது. கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, மெல்லிய பிரைமர் அடித்து மாட்டியதும் சரியானது. அதற்கு ஆன செலவைவிட அதுவரை ஒட்டிய பஞ்சருக்குக் கொடுத்தது அதிகம்.

ரிம்மை மெஷினில் சுற்றவிட்டு ஓரத்தைக் கவனியுங்கள். ஆடுகிறதா? இரும்பு ரிம்மில் சிறிய பெண்டு எடுத்துவிடலாம். வெடிப்பு இருந்தால் பற்றவைக்க வேண்டாம், ரிம்மையே மாற்றுங்கள். அலாய் ரிம்மாக இருந்தால் இதில் இன்னும் கண்டிப்பு தேவை.

வால்வும் ரப்பர்தான், அதற்கும் வயதாகும். அடிப்பக்கத்தை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் வால்வு புதுசு. டயரை ஏற்றச் சோப்புக் கரைசலோ அதற்கென்றுள்ள பேஸ்ட்டோ போதும், கிரீஸ் வேண்டாம். புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைக்கச் சொல்லுங்கள். டயரின் எடை குறைந்த பக்கம் அது. வால்வின் எடையோடு சேர்ந்தால் பேலன்சிங்குக்கு வெயிட் குறைவாக ஒட்டினால் போதும்.

சக்கரத்தைக் காரில் மாட்டும் முன் டிரம் முகத்தையும் ரிம்மின் பின்முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்க்கச் சொல்லுங்கள். அங்கே துரு படிந்திருந்தால் சக்கரம் முழுதாக அமராமல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். எவ்வளவுதான் பேலன்சிங் செய்தாலும் ஆட்டம் போகாது. நட்டை முதலில் கையால் முடிந்தவரை திருகி, பிறகு எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஏர் கன்னை வைத்து 'டர்ர்'ரென்று முடித்துவிடுவதுதான் வழக்கம். இருபது வருட ஸ்டட்டுக்கு அது ஆகாது, மரை கெட்டுவிடும். பிறகு நடுரோட்டில் ஸ்டெப்னி மாற்றும்போது காருக்குள் இருக்கும் வீல் ஸ்பேனரால் அசைக்கவும் முடியாது. கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சில், கையேட்டில் சொன்ன அளவுக்கு வையுங்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொருமுறை சரிபாருங்கள். இரும்பு ரிம்மிலிருந்து அலாய்க்கு மாறியிருந்தால் நட்டும் மாற வேண்டியிருக்கலாம், நட்டின் கூம்பு ரிம்மின் குழியில் சரியாக அமர வேண்டும்.

புது டயரின் மேல்பரப்பு முதல் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று வழுக்கும். அதுவரை நிதானம்.

அலைன்மென்டுக்கு முன் ஆட்டம்

ஸ்டியரிங் 80-இல் நடுங்கினால் முதலில் பேலன்சிங். கையை விட்டால் கார் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட், அல்லது அந்தப் பக்க டயரில் காற்று குறைவு. இரண்டும் வேறு. ஆனால் பழைய காரில் அலைன்மென்ட் மெஷினில் ஏற்றும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, காரை உறுதியான தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆட்டமிருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து உலுக்கும்போது ஆடினால் டை ராடு எண்ட். இவற்றில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது காலுடைந்த நாற்காலிக்கு அளவெடுத்து மெத்தை தைப்பது மாதிரி. மெஷினில் பச்சை வரும், முதல் பள்ளத்தில் மாறிவிடும். பெரும்பாலான பழைய சின்னக் கார்களில் முன்னால் திருத்த முடிவது டோ மட்டும்தான். கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளோ வெளியோ சாயும் அளவு, தப்பியிருக்கிறது என்று மெஷின் காட்டினால் எங்கோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. 'பரவால்ல சார், ஓட்டுங்க' என்பதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

காற்று

சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். காலையில், கார் ஓடுவதற்கு முன், நிழலில் இருக்கும்போது பார்ப்பதுதான் உண்மையான அளவு. கதவோர ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ போட்டிருப்பதுதான் உங்கள் எண். பங்க்கில் எல்லாக் காருக்கும் 35 அடிக்கும் பழக்கம் இருக்கிறது. அறுநூற்றைம்பது கிலோ சொச்சம் எடையுள்ள 800-க்கு அது அதிகம். கார் கல்மேல் தாவும் தவளையாகிவிடும், டயர் நடுவில் தேயும்.

ஐந்தாறு டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய டயரில் நாலைந்து கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் தொய்ந்து நிற்கும். டயரை வெயிலில் கொல்வது கூடுதல் காற்று என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறைந்த காற்றுதான் கொல்கிறது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி உள்ளேயே சூடேறிப் பிரிகிறது.

நைட்ரஜன்? நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். தீங்கில்லை, தேவையுமில்லை. இலவசமாகக் கிடைக்கும் சாதாரணக் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் பார்த்தாலே போதும். வால்வு மூடியைப் போட மறக்காதீர்கள். மணல் உள்ளே போனால் வால்வு கசியும்.

பஞ்சர் ஆன டயரோடு அரை கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போயிருந்தால், ஒட்டுவதற்கு முன் டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி கொட்டினால் பக்கச்சுவர் அரைபட்டுவிட்டது. ஆணி குத்திய ஓட்டையை அடைக்கலாம், அதை அடைக்க முடியாது. வெளியிலிருந்து திணிக்கும் குச்சி பஞ்சர் வீடு வந்து சேர உதவும். உள்ளிருந்து போடும் மஷ்ரூம் ஒட்டுதான் நிலைக்கும். பக்கச்சுவரில் எந்த ஒட்டும் செல்லாது.

ரிம்மும் வாசலில் நிற்கும் காரும்

மழைக்காலம் முடிந்ததும் சக்கரங்களின் உள்பக்கத்தைக் குழாய்த்தண்ணீரால் கழுவுங்கள். கிராமத்துச் சேறு ரிம்முக்குள் அப்பிக் காய்ந்தால் அதுவே கால் கிலோ இருக்கும். பேலன்சிங் போச்சு என்று கடைக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றால் இது மாதா மாதம் செய்ய வேண்டிய வேலை. பிளாஸ்டிக் வீல் கேப்பைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். மணலும் ஈரமும் சேர்ந்து துரு தொடங்குவது அங்கேதான். ரிம்முக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் நட்டு அமரும் குழியிலும் டிரம்மில் ஒட்டும் முகத்திலும் தடிமனாக அடிக்காதீர்கள். பெயின்ட் நசுங்கியதும் நட்டு தளரும். அலாய் ரிம்மை ஆசிட் கலந்த கிளீனரால் கழுவினால் முதல் நாள் மின்னும், பிறகு புள்ளி புள்ளியாய் அரிக்கும். ஷாம்பூவும் பழைய துணியும் போதும்.

கார் மாதக்கணக்கில் நிற்கப் போகிறதா? டயர் நின்ற இடத்தில் தட்டையாகப் பதிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைச் சுற்றாவது நகர்த்துங்கள். முடியாதென்றால் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூட அடித்து வைத்துவிட்டு, எடுக்கும்போது இறக்கிக்கொள்ளுங்கள். வெயில் படும் பக்கத்துக்கு ஒரு சாக்கையாவது தொங்கவிடுங்கள். டயரைக் கறுகறுவென்று மின்ன வைக்கும் எண்ணெய் வகைப் பாலிஷ் ரப்பருக்கு நல்லதல்ல. டீசலில் துடைப்பது அதைவிட மோசம்.

வருடத்துக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்னிரண்டும் அந்தந்தப் பக்கத்திலேயே பின்னுக்கு, பின்னிரண்டும் பக்கம் மாறி முன்னுக்கு. ஸ்டெப்னி அதே அளவு, அதே வகை என்றால் அதையும் சுழற்சியில் சேர்த்துவிடலாம். சும்மா கிடந்து வயதாவதைவிட உழைத்து வயதாகட்டும்.

மேலூரில் மாட்டிய ஸ்டெப்னியோடு அன்று நாற்பதிலேயே காரைக்குடி போய்ச் சேர்ந்தேன். மறுநாள் டயர் கடையில் அதைக் கழற்றியபோதுதான் தேதியைப் படித்தேன். 3703. காரோடு வந்தது, பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூடத் தரையைத் தொடாதது. பட்டன் மேல் புது டயருக்குரிய ரப்பர் முடிகள் பாதி இன்னும் அப்படியே நின்றன. கடைப்பையன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது புதுசு மாதிரி இருக்கே, வச்சுக்கலாமே?" என்றான். பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கிக் காட்டினேன். வெயிலில் வெடித்த கண்மாய்த் தரைபோல் வாயைப் பிளந்தது. அன்றைக்கு ஐந்து டயர் வாங்கினேன்.